பூண்டு இல்லாத கடை

கல்லறைத் திருநாளுக்கு எங்கள் பாலக்கரைப் பக்கத்து ஜனமெல்லாம் மாலையும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். என் வீட்டுக்காரருக்கு அங்கே கல்லறை இருக்கிறது, மாமியாருக்கும் இருக்கிறது. புல் பிடுங்கி, வெள்ளையடித்து, வர்த்தி ஏற்றிவிட்டு வந்துவிடுவேன். என் மகனுக்கு அங்கே கல்லறை இல்லை. அவன் இத்தாலியில் செத்தான். கொரோனா வந்த முதல் வருஷம் அங்கே ஆட்கள் கொத்துக் கொத்தாகப் போனார்களே, அதில் அவனும் ஒருத்தன். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒரு போட்டோ மட்டும் போனில் வந்தது. உயரமான சுவர், அதில் கட்டம் கட்டமாகப் பெட்டிகளை உள்ளே வைத்து அடைத்திருந்தார்கள். ஒரு கட்டத்தில் அவன் பெயர்.

ஆகையால் அவனுக்கு என்னால் செய்ய முடிந்தது தட்டு வைப்பது ஒன்றுதான். அன்று சாயங்காலம், செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படத்துக்கு முன்னால் வைத்து, செபம் சொல்லி, அப்புறம்தான் நாங்கள் எடுத்துச் சாப்பிடுவோம். வைப்பதற்கு முன்னால் ஒருவரும் வாயில் போடக் கூடாது. உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. மாமியார் அப்படித்தான் வைத்தார், நானும் அப்படியே வைக்கிறேன். இது வேதத்தில் இருக்கிறதா என்று எந்தச் சாமியாரும் என்னைக் கேட்டதில்லை.

மகனுக்குப் பிடித்தது என்ன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவன் அங்கே ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் போன் அடிக்கும், முகம் தெரியும்.

“என்னடா சாப்பிட்டே?”

“அதேதான்மா.”

தட்டைக் காட்டுவான். சேமியாவை விடத் தடியாக, நீளம் நீளமாக, எண்ணெய் மினுமினுக்கக் கிடக்கும். நடுவில் பூண்டு சிவந்திருக்கும், ரெண்டு காய்ந்த மிளகாய் கிடக்கும். வேறு ஒன்றும் இருக்காது.

“கறி, மீனு ஒண்ணும் இல்லையாடா?”

“இந்த ஊர்ல இதுதாம்மா ஒசத்தி. எனக்கு இதுதான் புடிச்சிருக்கு. உனக்குத் தெரியாது, பேசாம இரு.”

சிரிப்பான். நானும் சிரிப்பேன். மூன்றாவதோடு நின்றவள் நான், இத்தாலியில் எது ஒசத்தி என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் அன்பியத்தில், அதாவது வாராவாரம் வீடு வீடாகச் செபம் சொல்ல வரும் எங்கள் தெருப் பெண்கள் கூட்டத்தில், நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். என் மகன் பாப்பரசர் ஊரில் ராஜா வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறான் என்று. சொல்லத்தான் சொன்னேன், இல்லையென்று இப்போது மறைப்பதற்கில்லை.

அவன் போன பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாளில் ஊர் அடைந்து கிடந்தது. மெழுகுவர்த்தி மட்டும் வைத்தேன். அதற்கப்புறம்தான் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன இத்தாலி ஓட்டல் வந்திருக்கிறது என்று மகள் சொன்னாள். அவள் கே.கே. நகரில் இருக்கிறாள், வேலைக்குப் போகிறவள். நான் தனியாகவே கிளம்பினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, காவிரிப் பாலம் தாண்டி, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன்.

ஆறு மேஜை இருக்கும். பட்டுச்சேலைதான் கட்டியிருந்தேன். ஆனாலும் பரிமாறும் பெண் என்னைக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார வைத்தாள். எனக்குப் பின்னால் வந்த காலேஜ் பிள்ளைகளுக்கு ஜன்னல் ஓரம். கை கழுவுகிறவர்கள் உதறுகிற தண்ணீர் என் தோளில் தெறித்தது. வெகுநேரம் கழித்து வந்து ஒரு அட்டையை வைத்தாள். எல்லாம் இங்கிலீஷ்.

“அட்டை வேண்டாம்மா. நீளமா இருக்குமே, எண்ணெயில பூண்டு மொளகா போட்டது. அது ஒரு பார்சல்.”

“பாஸ்தா வேணுமா பாட்டி? பீட்சா வாங்கிக்கங்களேன், பல்லுக்கு மெத்துனு இருக்கும்.”

“என் பல்லு நல்லாத்தான் இருக்கு. நான் சொன்னதக் குடு.”

“சரி சரி, இருக்கு. பண்ணித் தர்றோம்.”

இருக்கு என்று அவள் சொன்னதை நான் நம்பினேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். திறந்து பார்க்கக்கூட மனம் வரவில்லை, பார்த்தால் மோந்துவிடுவோமோ என்று. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

வீட்டில் மகள் இருந்தாள், அன்பியத்துப் பெண்கள் நாலு பேர் இருந்தார்கள். படத்துக்கு முன்னால் டப்பாவை அப்படியே தட்டில் கவிழ்த்தேன். டப்பா வடிவத்திலேயே விழுந்தது. சிவப்பாக இருந்தது. சரி, மிளகாய் கூடுதலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு செபம் சொன்னேன். முடிந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தேன்.

தித்தித்தது. தக்காளி சாஸ் பாட்டிலைக் கவிழ்த்துவிட்ட மாதிரி. குடைமிளகாய் வேகாமல் கிடந்தது. மகள் மெதுவாகச் சொன்னாள்.

“இதுல பூண்டே இல்லம்மா.”

எதிர்வீட்டுக்காரி சும்மா இருக்கவில்லை. “ஏங்க்கா, ராஜா வீட்டுச் சாப்பாடுன்னீங்க. ராஜா சக்கரைச் சோறா தின்னாரு?”

“கடைக்காரன் கெடுத்துட்டான்” என்றேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் தட்டை ஒதுக்கினார்கள். படத்தில் மகன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வைத்தாயிற்று, இனித் திருப்பி எடுக்க முடியாது.

அடுத்த வருஷமும் அங்கேதான் போனேன். எனக்குத் தெரிந்து வேறு கடை இல்லை. அதே பெண், அதே நாற்காலி. முந்தின வருஷம் நடந்ததைச் சொன்னேன்.

“அப்ப இருந்த மாஸ்டர் நின்னுட்டாரு பாட்டி. இவரு சூப்பரா போடுவாரு.”

“செவப்பா இருக்கக் கூடாது. வெள்ளையா இருக்கணும். பூண்டு தெரியணும்.”

“வெள்ளையாத்தானே? ஆகட்டும்.”

வெள்ளையாகத்தான் வந்தது. வீட்டில் வைத்துச் செபம் முடித்து வாயில் போட்டால், பாலைக் காய்ச்சி மாவு கரைத்து ஊற்றின மாதிரி கூழாக இருந்தது. மேலே சீஸ் ஆறிப்போய் ரப்பராக இழுத்தது. அதிலும் பூண்டு இல்லை. அந்த வருஷம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரிகூடப் பாவம் பார்த்துப் பேசாமல் இருந்தாள். அவள் கேலி செய்ததை விட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எனக்கு வயது ஆகிறது. இன்னும் எத்தனை வருஷம் பஸ் ஏறுவேனோ தெரியாது. ஒரே ஒரு தரமாவது அவன் சாப்பிட்டதை அவனுக்குச் சரியாக வைத்துவிட வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. போன வருஷம் திருநாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே போனேன். படத்துக்கு வைக்கப்போவது அது இல்லை, அன்றைக்குச் சாப்பிட்டுப் பார்த்தால் குற்றமில்லையே.

ஜன்னல் ஓரம் நானே போய் உட்கார்ந்தேன். பெண் ஏதோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். வந்தது பழையபடி பால் கூழ். ரெண்டு வாய் சாப்பிட்டேன்.

“மொதலாளியக் கூப்பிடும்மா.”

நாற்பது வயது இருக்கும், நெற்றியில் சிவப்புக் கோடாக ஸ்ரீசூர்ணம் இட்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து மரியாதையாகத்தான் நின்றார்.

“சொல்லுங்கம்மா. என்ன குறை?”

“மூணு வருஷமா பூண்டு போட்டது கேக்குறேன். ஒரு தடவைகூடப் பூண்டு வரல.”

அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். “போர்டுலயே போட்டிருக்கோமேம்மா, வெங்காயம் பூண்டு கிடையாதுன்னு. கோயில் வீதி ஜனங்கதான் எங்களுக்கு வாடிக்கை. பூண்டு உள்ள வந்தா ஒருத்தரும் படியேற மாட்டாங்க.”

அந்தப் பலகையும் இங்கிலீஷ். மூன்று வருஷமாக அதற்குக் கீழேதான் நுழைந்து வெளியே வந்திருக்கிறேன்.

“இந்தப் பொண்ணு இருக்குன்னுச்சே?”

“வர்றவங்கள இல்லைன்னு அனுப்ப வேண்டாம்னு சொல்லியிருப்பா. தப்புதான்.” எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். “நீங்க என்ன கேக்குறீங்கன்னு எனக்குப் புரியறது. வெறும் எண்ணெய், பூண்டு, மொளகா. அவ்வளவுதானே? பத்து வருஷம் கப்பல்ல சமையல் பண்ணினவன் நான், இத்தாலிக்காரங்களோட. பூண்டு இருந்தாலும் அத நான் மெனுல போட மாட்டேன்.”

“ஏன்?”

“அவங்க அத எப்பப் பண்ணுவாங்க தெரியுமா? வீட்டுல வேற ஒண்ணுமே இல்லாதப்ப. மாசக் கடைசியில, காய் இல்ல, கறி இல்ல, கையில காசும் இல்ல. பூண்டும் எண்ணெயும் மட்டும் எல்லா வீட்டுலயும் கிடக்கும். நம்ம ஊர்ல வெறும் சோத்துல மோர் ஊத்தி ஊறுகாய் தொட்டுக்கறோமே, அந்த மாதிரி. ருசியாத்தான் இருக்கும், அது வேற விஷயம். உங்களுக்கு யார் சொன்னா, அது ஒசத்தின்னு?”

“ஒருத்தன் சொன்னான்.”

“விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்.”

அந்தத் தட்டுக்குப் பணம் வேண்டாம் என்றார். கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. காவிரியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மாசக் கடைசி ஞாயிறு மட்டுமா அவன் அந்தத் தட்டைக் காட்டினான்? எல்லா ஞாயிறும் காட்டினான். அந்த வருஷங்களில்தான் அவன் அனுப்பின பணத்தில் எங்கள் ஓட்டு வீட்டை இடித்து மெத்தை வீடு கட்டினோம். அவன் தங்கச்சிக்குக் கல்யாணமும் அப்போதுதான் நடந்தது. பந்தியில் பிரியாணி. அதை நான் போனில் காட்டி, “பாத்தியாடா, நீயும் இருந்திருந்தா” என்று சொன்னேன். “எனக்கு இதுதாம்மா புடிக்கும்” என்று தட்டைத் தூக்கிக் காட்டினான். அந்தத் தட்டைத்தான் அவனுக்கு வைக்க வேண்டும் என்று மூன்று வருஷம் அலைந்திருக்கிறேன்.

இதை மகளிடம் சொல்லவில்லை. அவள் கழுத்தில் கிடப்பது அவன் அனுப்பினது. அவளிடம் எப்படிச் சொல்வது?

போன திருநாளன்று விடியலிலேயே எழுந்து ஆட்டுக்கறி எடுத்து வந்தேன். நெஞ்செலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாம் கேட்டு வாங்கினேன். மசாலா அம்மியில் அரைத்தேன். பூண்டு ரெண்டு கைப்பிடி உரித்துப் போட்டேன். சீரகச்சம்பா அரிசியில் நெய்ச்சோறு. தட்டு கொள்ளாமல் வைத்தேன், குழம்பு வழிந்து படத்தின் அடியில் ஓடியது. உப்புப் பார்க்கவில்லை. செபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன், மகள் எடுத்துச் சொல்லி முடித்தாள்.

எதிர்வீட்டுக்காரி கறியை மென்றுகொண்டே கேட்டாள். “என்னக்கா, இந்த வருசம் இத்தாலிச் சாப்பாடு இல்லையா?”

மகளும் என் முகத்தைப் பார்த்தாள்.

“அந்தக் கடை சரியில்ல” என்றேன். “இன்னும் கொஞ்சம் சோறு போடவா?”