கையெழுத்துக்கு டோக்கன் கிடையாது

டைபாய்டு போய் இரண்டு வாரமாகிறது. சான்றிதழ் இன்னும் குணமாகவில்லை.

என் மருத்துவ விடுப்பு சனிக்கிழமையோடு முடிகிறது. உடல் தகுதிச் சான்று திங்கட்கிழமை தேதியில் இருக்கிறது. நடுவில் வந்த ஞாயிறன்று நான் நோயாளியா, நலமா என்று எங்கள் பள்ளி அலுவலகத்துக்குத் தெரிய வேண்டுமாம்.

அதற்காக இன்று மாலை சிதம்பரத்தில் எங்கள் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு மூன்றாவது முறையாகப் போனேன். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். "கையெழுத்துதாம்மா, ரெண்டே நிமிஷம்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, வழக்கம்போல டோக்கன் இல்லாமல் உள்ளே நுழைந்தேன்.

எனக்கு முன்பே இரண்டு "ரெண்டே நிமிஷங்கள்" அங்கே உட்கார்ந்திருந்தன. ஒருவர் கையில் இன்சூரன்ஸ் ஃபாரம், இன்னொருவர் கையில் மகனின் ஹாஸ்டல் ஃபாரம். டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

"வாங்க டீச்சர். ஒங்க ஜொரத்தக் கூட எறக்கிட்டேன். ஒங்க ஆபீஸத்தான் எறக்க முடியல."

அப்போது கதவைத் திறந்து ஒரு பெண் தயங்கி நின்றார். தோளில் குழந்தை துவண்டு கிடந்தது.

"குமராட்சியிலேர்ந்து வரோங்க. நாங்க கையெழுத்துக்கு வரல. புள்ளைக்கு ஒடம்பு அனலா கொதிக்குது. அதுக்கும் பாப்பீங்களா?"

டாக்டர் பேனாவை மூடினார். தெர்மாமீட்டரை எடுத்தபடி எங்கள் மூவரிடமும் சொன்னார்: "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாதவங்கல்லாம் கொஞ்சம் வெளியில இருங்க."

வெளியே வந்து டோக்கன் கேட்டேன். நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு முப்பத்து நான்கைக் கொடுத்தார்.

நீங்கள் கடைசியாக டோக்கன் எடுத்துக் கையெழுத்து வாங்கியது எப்போது? பொய் சொல்லாமல் எழுதுங்கள்.