ஏலச்செடியின் தூரில் குண்டு

பெங்களூரில் நான் பார்த்த வேலையை இரண்டே சொல்லில் சொல்லிவிடலாம்: அம்புக்குறி போடுவது. செல்போன் விளையாட்டுகள் செய்கிற கம்பெனி அது. ஆடுகிறவர் அடுத்து எதைத் தொட வேண்டுமோ, அதன் தலைக்கு மேல் மஞ்சளாக ஓர் அம்பு மினுக்க வேண்டும். அவர் ஒரு நொடிகூட யோசித்துவிடக் கூடாது என்பது அங்கே சட்டம். மிட்டாய்க்கு மேல் அம்பு, பெட்டிக்கு மேல் அம்பு, அந்த அம்பைக் காட்ட இன்னோர் அம்பு. ஒருநாள் எரிச்சல் தலைக்கேறி, வேலையை உதறிவிட்டுச் சொந்த ஊரான போடிக்குப் பஸ் ஏறினேன். அம்பே இல்லாத ஒரு விளையாட்டைச் செய்து காட்டுகிறேன் பார் என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே வந்தேன்.

அப்படிப் பிறந்ததுதான் ‘கடைசி ஜீப்பு’. கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிற சின்ன ஆட்டம். மலையில் காயெடுக்கப் போன பெண் ஒருத்தி, இறங்குகிற கடைசி ஜீப்பைத் தவறவிட்டுவிடுகிறாள். ஏலக்காட்டைப் பனி மூடுகிறது. பனிக்குள்ளிருந்து பூதங்கள் வருகின்றன. அவள் கையில் ஒரு துப்பாக்கி. அதற்குக் குண்டு, செடியில் விளைந்து கிடக்கிற ஏலக்காய். அடுத்த ஜீப்பின் ஹாரன் கேட்கும்வரை சுட்டுச் சமாளித்து உயிரோடு இருந்தால் ஜெயிப்பு. ஜீப்பு ஓட்டுகிற என் அண்ணனுக்குப் பூதங்கள் ஒரு பொருட்டாகவே படவில்லை.

“நல்ல தெரட்சியான காயப் போயிச் சுட்டு வீணாக்குறியேம்மா” என்று அங்கலாய்த்தான்.

அம்மா அவன் ஜீப்பில்தான் விடியற்காலையில் தூக்குவாளியோடு கிளம்புவாள். மற்றப் பெண்களோடு போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்தில் காயெடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவாள். மகள் துப்பாக்கி ஆட்டம் செய்வதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. மகள் சம்பளமில்லாமல் நாற்காலியைத் தேய்ப்பதில்தான் ஆட்சேபணை. ஒருநாள் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டாள்.

“சென்னையில என்னமோ கண்காட்சி நடக்கும்னியே, அதுக்கு உன் ஆட்டத்த எடுத்துக்கிட்டானுகன்னா இங்கயே இருந்து இந்தச் சோலியப் பாரு. எடுக்கலேன்னா மறுபேச்சு பேசாம பெங்களூருக்குப் போயிரணும். மதி.”

‘மதி’ என்றால் போதும் என்று அர்த்தம், மலையில் ஒட்டிக்கொண்ட மலையாளம். அம்மா அதைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. சரி என்று தலையாட்டினேன்.

ஆட்டம் ஓடுகிற நிலைக்கு வந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போனேன். லோடு சேரும்வரை சும்மா நிற்கிற டிரைவர் அண்ணன்மார் ஆளுக்கொரு தடவை ஆடினார்கள். எல்லோரும் ஜெயித்தார்கள். ஒருவர் டீயைக் கீழே வைக்காமலே ஜெயித்தார்.

“என்ன பிள்ள, இம்புட்டுச் சுளுவா இருக்கு? பூதம்னா ஒரு பயம் வர வேணாமா?” என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பூதங்களின் வேகத்தைக் கூட்டினேன். அப்போதும் ஜெயித்தார்கள். எண்ணிக்கையையும் கூட்டி, பனியையும் அடர்த்தியாக்கினேன். ஒருவழியாகச் சிலர் செத்தார்கள். பரம திருப்தியோடு ஆட்டத்தைக் கண்காட்சிக்காரர்களுக்கு அனுப்பிவைத்தேன்.

பதில் வந்தது. ‘உங்கள் ஆட்டத்தில் துப்பாக்கிக்குக் குண்டே கிடைக்கவில்லை. ஆடிய அத்தனை பேரும் முதல் பூதத்திடமே செத்துப்போனோம். இந்தப் பிழையைச் சரிசெய்து மாதக் கடைசிக்குள் அனுப்பினால் மறுபடி பார்க்கிறோம்.’

குண்டு இல்லையாமே! செடிக்குச் செடி கண் வலிக்க வரைந்து வைத்தவளிடம் சொல்கிற சொல்லா இது? உடனே ஆடிப் பார்த்தேன், இருந்தது. அண்ணனை ஆடச் சொன்னேன், அள்ளி அள்ளிச் சுட்டான். அவர்கள் கம்ப்யூட்டரில் கோளாறோ என்று கடன் வாங்கிய இன்னொரு கம்ப்யூட்டரிலும் பார்த்தேன். அங்கேயும் இருந்தது. ‘தயவுசெய்து கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடவும்’ என்று ஒரு பதில் எழுதினேன். அனுப்பாமல் அழித்தது என் பூர்வஜென்ம புண்ணியம். மாதக் கடைசி நெருங்க நெருங்க, இல்லாத பிழையை எங்கே போய்த் தேடுவது என்று தெரியாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அப்போதுதான் அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திருப்பூர்க்காரி, அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஊரையே ஆடவைத்த நான் அவளை மட்டும் கேட்டதில்லை. புதுப்பெண் கையில் துப்பாக்கியைக் கொடுப்பது முறையில்லை என்று நினைத்தேனோ என்னவோ.

“ஏனுங்க, நானும் ஒருக்கா ஆடிப் பாக்கட்டுங்களா?” என்றாள்.

ஆடினாள். செடியிடம் போனாள், அண்ணாந்து பார்த்தாள். சுற்றிச் சுற்றி வந்தாள். இலையைப் பிடிக்கப் போவதுபோல எம்பி எம்பிக் குதித்தாள். அதற்குள் பூதம் வந்து ஆளை முடித்தது. மறுபடி ஆடினாள். மறுபடியும் அண்ணாந்தாள், குதித்தாள், செத்தாள்.

“காயே இல்லீங்களே?”

தூக்குவாளி கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “குனிஞ்சு பாரு ஆத்தா! தூர்ல பாரு! அண்ணாந்து என்னத்தத் தேடுற, தேங்காயா பறிக்கப் போற?”

அண்ணி குனிவதற்கான பொத்தானை அழுத்தினாள். செடியின் அடியில், மண்ணோடு மண்ணாகச் சரஞ்சரமாக ஏலக்காய்.

“அட, ஏலக்காய் கீழயா காய்க்குமுங்க? நான் முருங்கைக்காயாட்ட மேல தொங்கும்னுல்ல நெனச்சேன்!”

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஏலச்செடி ஆளை மறைக்கிற உயரம் வளரும். ஆனால் காய்க்கிற சரமெல்லாம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடுதான் படரும். போடியில் மலையேறாதவனுக்குக்கூட இது தெரியும். அதனால்தான் ஸ்டாண்டில் எல்லோரும் கேட்காமலே குனிந்தார்கள். நாட்டில் பாக்கிப் பேரெல்லாம் ஏலக்காயைப் பாயசத்தில் மட்டும்தான் பார்த்திருப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. போதாக்குறைக்கு, குனியத் தெரிந்தவர்களை மிரட்டுவதற்காகப் பூதங்களை வேறு கொழுக்க வைத்திருந்தேன்.

“இதுக்கு எதுக்கு இம்புட்டு யோசன? தூருக்கு மேல ஒரு அம்பப் போட்டுவிட்ரு” என்றான் அண்ணன்.

நான் பார்த்த பார்வையில் அவன் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். அம்பு போடுவதென்றால் பெங்களூரிலேயே கிடந்திருக்க மாட்டேனா? அண்ணிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அத்தை இப்பக் கத்துனாங்களே, அந்தக் குரலையே உள்ள வெச்சுருங்களேன்.”

அவளைக் கட்டிக்கொண்டேன். உடனே அம்மாவை மைக்கின் முன்னால் உட்காரவைத்தோம். தெருவுக்கே கேட்கக் கத்துகிறவள், மைக்கைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி, “அன்பர்கள் தயவுசெய்து கீழே குனிந்து பார்க்கவும்” என்றாள். ரயில் நிலைய அறிவிப்பு தோற்றது. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வேறு வழியில்லை, மறுநாள் நானும் அண்ணியும் அம்மாவோடு ஜீப்பில் ஏறினோம். தோட்டத்தில் அண்ணி காயெடுக்க உட்கார்ந்தாள். நான் செல்போனில் ஒலிப்பதிவை முடுக்கிவிட்டுப் பக்கத்துச் செடியில் காயெடுத்தேன். அண்ணி இடுப்பு வலித்து அடிக்கடி எழுந்து நின்றாள். அம்மா செல்போனை மறந்தே போனாள்.

“நிமிராத! நிமிந்தா காயி உன்னத் தேடி வருமா? குனி, குனி, இன்னும் குனி! வெரசா! ஆங், அங்கதேன் இருக்கு! அம்புட்டுத்தேன்!”

சுற்றியிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். ஆட்டத்தில் குனிவதென்றால் ஒரு பொத்தானை அழுத்துவது. இங்கே உச்சிப்பொழுது ஆவதற்குள் எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது. அம்மா என் வயது ஆவதற்கு முன்பிருந்தே இப்படிக் குனிந்துகொண்டிருக்கிறாள். அவளை நினைத்து எனக்குப் பெருமையாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது.

பூதங்களை இளைக்க வைத்து, அம்மாவின் குரலைச் சேர்த்து அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள். படித்ததும் நான் போட்ட சத்தத்தில் அண்ணி கரண்டியோடு ஓடிவந்தாள். அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, புலம்பிக்கொண்டே என்னோடு சென்னைக்கு ரயிலேறினாள். “நான் வந்து என்ன செய்யப் போறேன்” என்று மதுரை தாண்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

கண்காட்சியில் முதலில் வந்து உட்கார்ந்தவன் நெட்டையான ஒரு கல்லூரிப் பையன். செடியை அண்ணாந்து பார்த்தான். எம்பிக் குதித்தான். ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் அதட்டியது: “நிமிராத! குனி, குனி, இன்னும் குனி!” அவன் பொத்தானை அழுத்தியதோடு நிற்கவில்லை. பதறிப்போய் நாற்காலியிலும் குனிந்துவிட்டான். தலை மேசைக்குக் கீழே போயிற்று. வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அப்புறம் அவர்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, அதே இடத்தில், அதே மாதிரி குனிந்தார்கள்.

அம்மா என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண் கலங்கியிருந்தது.

“எம்புட்டு வருசமாக் குனியிறேன். எனக்குன்னு ஒருத்தன் குனிஞ்சதில்லடி. இங்க பாரேன், வரிசையில வந்து குனியிறானுக.”

“அப்ப பெங்களூரு?” என்று கேட்டேன்.

“என்ன பெங்களூரு? மதி, மதி” என்றாள் அம்மா. அடுத்து வந்து உட்கார்ந்த பெண் அண்ணாந்து தேட ஆரம்பித்திருந்தாள். ஸ்பீக்கர் பேசும்வரை அம்மாவுக்குப் பொறுமை இல்லை. அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, “தூர்ல பாரு ஆத்தா” என்று தானும் கூடவே குனிந்தாள்.