மாமாவின் வெள்ளி அரைஞாண்

எங்கள் வீட்டில் கோள் சொல்லும் இலாகா என்னுடையது. ஒன்பது வயதில் அதை ரொம்பப் பொறுப்பாகவே நடத்திவந்தேன். அப்பா ஒளிந்து பீடி பிடித்தது, அண்ணன் டியூஷனுக்கு மட்டம் போட்டது எல்லாம் என் வழியாகத்தான் அம்மாவின் காதுக்குப் போகும்.

அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, வெளிமாநிலத்தில் ராக்கெட் எரிபொருள் கலக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். கார்த்திகை தீபத்துக்கு மட்டும் லீவு போட்டுவிட்டு வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த வருடம் மொட்டைமாடியிலிருந்து மலைமேல் தீபம் ஏறுவதைப் பார்த்தபடி, ராக்கெட்டும் இப்படித்தான் எரியுமா என்று கேட்டேன்.

"இதுக்குக் காத்து வேணும் பாப்பா. அங்க மேல காத்தே கெடையாது. அதனால எரியறதுக்கு வேண்டியதயும் மருந்துலயே சேத்துப் பெசஞ்சிடுவோம், சப்பாத்தி மாவு மாதிரி. ஒருவாட்டி பத்திக்கிச்சுன்னா யாராலயும் அணைக்க முடியாது."

மழை வருமா என்று பார்த்துச் சொல்லும் செயற்கைக்கோளும் அந்த மாவில்தான் போகிறதாம், ஏவுகணையும் அதில்தான் போகிறதாம்.

மறுநாள் காலை தண்ணீர்த் தொட்டியருகே மாமா குளித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் அரைஞாண் இல்லை. வேலை கிடைத்தபோது அம்மா கட்டிவிட்ட வெள்ளிக்கொடி அது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"அம்மாகிட்ட சொல்லிடாத. மருந்து கலக்கற கூடத்துக்குள்ள போறப்ப உடம்புல துளி உலோகம் இருக்கக் கூடாது. ஒரு பொறி போதும். அங்க என் ரூம்ல கழட்டி வெச்சிருக்கேன்."

சரி என்று தலையாட்டினேன். அவர் தலை துவட்டி முடிப்பதற்குள் போட்டுக்கொடுத்துவிட்டேன்.

அம்மா அழுதே விட்டாள். "செத்தவங்களுக்குத்தான்டா அரைஞாண அறுப்பாங்க. நெருப்போட வேல செய்யறவன் இப்படி மொட்டையா நிப்பியா?"

அன்றே புதுக்கொடி வாங்கிவந்து அவளே கட்டினாள். மலையைப் பார்த்து நிற்கவைத்து, இனிமேல் கழற்றமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தாரே தவிர, திட்டவில்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

தை பிறப்பதற்குள் அந்தக் கலவைக்கூடம் தீப்பிடித்தது. மாமாவைப் பெட்டியில் வைத்து ஆணியடித்துக் கொண்டுவந்தார்கள். திறந்து காட்டச் சொல்லி அம்மா முட்டிக்கொண்டாள். யாரும் திறக்கவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். பொறி எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லையாம்.

"அவர் உடம்புல வெள்ளி, இரும்பு எதுனா போட்டிருந்தாராம்மா?"

"இல்லீங்க. அதெல்லாம் கழட்டிட்டுத்தான் போவான்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினாள். வலித்தது.

மாமா சத்தியத்தைக் காப்பாற்றினாரா, வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பொய் சொல்கிறாளே என்று அம்மாமேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. அந்தப் பொய் என் காதில் விழவேண்டும் என்பதற்காகவே அவள் அதைச் சொன்னாள் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.