சார்ஜரைக் கழற்றாமல் போட்ட கையெழுத்து

1. கட்டுமாவடியிலிருந்து வந்த போன்

காலை 11.40க்கு போன் வந்தது. பேசியவர் அமலி. எங்கள் இலவசக் கண் பரிசோதனை முகாம்களில் விழித்திரைப் படம் எடுக்கும் டெக்னீஷியன்.

"சார், லேப்டாப் செத்துப்போச்சு. கேமரா ஓடல. வெளியில இன்னும் முப்பத்தெட்டுப் பேரு உக்காந்திருக்காங்க."

"பிளக்குல போடும்மா."

"எங்கிட்டுப் போடுறது? இன்னிக்கு இந்த ஊருக்கு ஷட்டவுன் சார். சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் கரண்ட் வருமாம்."

"சார்ஜ் போடாமக் கிளம்பிட்டியா?"

"நூறு பர்சன்ட் ஆனதைப் பாத்துட்டுத்தான் சார் பஸ் ஏறுனேன்."

நான் நம்பவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். 23 பேரைப் பார்ப்பதற்குள் புது லேப்டாப் எப்படி அணையும்? ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. இந்தப் பெண் மறந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

புதுக்கோட்டையில் ஒரு கண் மருத்துவமனையில் 27 வருடம் உபகரணப் பிரிவில் இருந்தேன். இது என் கடைசி வருடத்தில் நடந்தது.

2. ஏழு பெருசா, அஞ்சு பெருசா?

அதற்கு இரண்டு மாதம் முன்பு முகாம்களுக்காக ஆறு லேப்டாப் வாங்கினோம். திருச்சி விற்பனையாளர் இரண்டு மாடல் கொண்டுவந்தார். ஒன்றில் ஏழாம் நம்பர் பிராசசர், மற்றதில் அஞ்சாம் நம்பர். இரண்டையும் என் மேசையில் வைத்து, சார்ஜரைச் செருகி, ஒரே விழித்திரைப் படத்தை ஆராயும் மென்பொருளை ஓட்டினேன். ஏழு 14 விநாடியில் முடித்தது. அஞ்சுக்கு 21 விநாடி ஆனது. பத்து தடவை ஓட்டியும் அதே கணக்குதான்.

"பாத்தீங்களா சார், ஏழு ஏழுதான்" என்றார் விற்பனையாளர்.

நம்பருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஆங்கில எழுத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். "அது சும்மா மாடல் கோடு சார்" என்றார். சும்மாவாம்! முழு வேகத்தில் ஓடும்போது ஏழாம் நம்பர் சிப் 45 வாட் இழுக்கும், அஞ்சாம் நம்பர் 15 வாட்டில் முடித்துவிடும் என்பதைத்தான் அந்த எழுத்து சொல்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். விற்கிறவருக்குத் தெரியாதா, தெரிந்தே சொல்லவில்லையா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எதுவாக இருந்தாலும் மன்னிக்க முடியாது.

எங்கள் மருத்துவமனை மேனேஜர் அந்தக் கேள்வியையே வளரவிடவில்லை. "ஏழு பெருசா, அஞ்சு பெருசா? ஒண்ணாப்புப் புள்ளயக் கேட்டாலும் சொல்லும். டெஸ்ட் ரிப்போர்ட்ல கையெழுத்தப் போடுங்க சார்." போட்டேன். ஆறும் ஏழாம் நம்பரே வந்தன.

3. மெமோ

போன் வந்த மறுநாள் அமலிக்கு மெமோ. 'உபகரணத்தை மின்னேற்றம் செய்யாமல் எடுத்துச் சென்றது.' இலுப்பூர் முகாமுக்கு பஸ் தாமதமாகி 20 நிமிடம் பிந்தியதற்கு ஏற்கெனவே ஒரு மெமோ இருந்தது. இரண்டு மெமோ வாங்கியவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். அவருடைய ஒப்பந்தம் முடிய 19 நாள்தான் பாக்கி.

அந்தக் காகிதத்தோடு என் அறைக்கு வந்தார். அழவில்லை.

"நீங்க எதை வேணும்னாலும் எண்ணுவீங்களாமே சார். இதையும் ஒருக்கா எண்ணிப் பாருங்க. நீங்களே சார்ஜ் போடுங்க. நான் தொடவே மாட்டேன்."

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. ஏழாம் நம்பர் மெஷினை நானே நூறு வரை ஏற்றினேன். விற்பனையாளர் மாதிரிக்கென்று விட்டுப்போன அஞ்சாம் நம்பரையும் ஏற்றினேன். இரண்டிலும் சார்ஜரைக் கழற்றினேன். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஓட விட்டுவிட்டு, கடிகாரத்தோடு உட்கார்ந்தேன்.

ஏழின் ஃபேன் இரைந்தது. அடிப்பாகத்தில் கை வைக்க முடியவில்லை. பேட்டரிக்கு மாறியதும் 14 விநாடி 20 ஆகிவிட்டது. 84 நிமிடத்தில் அணைந்தது. மொத்தம் 252 படம்.

அஞ்சுக்கு 21 விநாடி 22 ஆனது, அவ்வளவுதான். 220 நிமிடம் ஓடி, 600 படம் முடித்தது.

வேகத்திலும் ஏழுக்கு மிச்சம் இருந்தது இரண்டே விநாடி. அந்த இரண்டு விநாடிக்காக ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது!

4. யாருக்கு மெமோ?

இந்தக் கணக்கு எழுதிய தாளை மேனேஜர் மேசையில் வைத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"சரி, அந்தப் பொண்ணு மெமோவ வாபஸ் வாங்கிடலாம். ஆனா ஃபைல்ல யாராவது பொறுப்பு ஏத்துக்கணும்ல? டெஸ்ட் ரிப்போர்ட்ல கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான்."

"அப்ப ஒங்களுக்குத்தான் குடுக்கணும்."

"குடுங்க. வாங்கச் சொல்லி அவசரப்படுத்துனவருக்கு?"

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்கும் மெமோ கிடையாது, விற்பனையாளருக்கும் ஒரு கடிதம்கூடப் போகவில்லை.

அமலியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. உத்தரவு வந்த அன்று என் அறை வாசலில் நின்றார்.

"சார், ஒங்களுக்கு மெமோவாமே. முதல் மெமோவா?"

"ஆமா. 27 வருஷத்துல முதல் மெமோ."

"பயப்படாதீங்க சார். ரெண்டாவது வந்தாத்தான் ஆபத்து."

மெமோவுக்கு 24 மணி நேரத்தில் விளக்கம் கேட்டிருந்தார்கள். இரண்டு வரி எழுதினேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன்: 'மின்சாரம் இருக்கிற அறையில் சோதித்தேன். வேலை மின்சாரம் இல்லாத ஊரில் என்று தெரிந்தும் அப்படியே சோதித்தேன்.'