சிலுவை போட்ட போத்தல்

என் மேசையில் ஒரு வெற்றுத் தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது. அதில் நான் ஒட்டிய லேபல் பாதி உரிந்து தொங்குகிறது. அமிலத்தின் பெயர், செறிவு, ஊற்றிய திகதி, எல்லாம் இத்தாலிய மொழியில், ஆய்வுகூடத்தில் பழக்கிய அதே ஒழுங்கில். என் கையெழுத்து அவ்வளவு திருத்தமாக அதற்கு முன்போ பின்போ இருந்ததில்லை.

போத்தல் சின்னம்மாவுடையது. அம்மா இல்லாமல் போனபின் மன்னாரிலிருந்து என்னை இத்தாலிக்கு, பாலெர்மோவுக்கு எடுப்பித்தவர், அம்மாவின் தங்கை. நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் நான்காம் மாடியில் இரண்டு அறைகளில் இருக்கிறோம். அப்போது பொலிதேயாமாப் பக்கம் சிஞ்ஞோரா என்று அவர் கூப்பிடும் ஓர் இத்தாலியப் பெண்மணியின் வீட்டைத் துப்புரவாக்குவது அவர் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் கிடைத்தபோது, கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் சின்னம்மா "அவன் மருந்து படிக்கிறான்" என்றார். காய்ச்சலுக்குக் குடிப்பதும் அவருக்கு மருந்து, கழிவறையில் ஊற்றும் அமிலமும் மருந்து. நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.

அந்த மருந்துகளைப் பெரிய கலன்களிலிருந்து தண்ணீர்ப் போத்தல்களில் ஊற்றித்தான் வேலைக்குக் கொண்டுபோவார். ஒரு போத்தலில் மட்டும் சிவப்பு நகப்பூச்சால் சிலுவை போட்டிருக்கும். எனக்கு அது விநோதமாகப் படவில்லை. அரிசி வாளியில், கதவு நிலையில், என் முதல் கொப்பியின் மூலையில்கூடச் சிலுவை போடுகிறவர் அவர். பக்தி என்றே நினைத்தேன்.

முதலாம் ஆண்டில் ஆய்வுகூடத்தில் எங்களுக்கு முதலில் சொன்னது, லேபல் இல்லாத போத்தலைத் தொடாதே என்பது. அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா பூசைக்குப் போயிருந்த நேரம், அவருடைய போத்தல்களை வரிசையாக வைத்து, சிலுவையை அசிற்றோனால் தேய்த்துத் துடைத்துவிட்டு, எல்லாவற்றிலும் லேபல் ஒட்டினேன். வந்தவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"வடிவா எழுதியிருக்கிறாய், தம்பி."

"விளங்குதோ சின்னம்மா?"

"ஓம், ஓம்."

தமிழையே எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர் அவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த 'ஓம்' எனக்குப் போதுமாக இருந்தது.

வியாழக்கிழமை, சிஞ்ஞோராவின் ஜன்னல் இல்லாத குளியலறையில், வெளிற்றும் திரவம் ஊற்றிவைத்த இடத்தில், சவர்க்காரத் தண்ணீர் என்று நினைத்து அமிலத்தை ஊற்றிவிட்டார். இரண்டும் சேர்ந்து நச்சுப் புகை கிளம்பியது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது முகத்தில் ஒட்சிசன் மூடியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்க்க என்னைத் தவிர ஆளில்லை. போத்தல்களில் லேபல் இருந்ததா என்று வைத்தியர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். சின்னம்மா என்னைப் பார்த்தார். மூடியைக் கொஞ்சம் தூக்கி, "இல்லையெண்டு சொல்லு" என்றார்.

சொன்னேன். வைத்தியருக்குக் கோபம் வந்தது. படித்தவர்களும் இப்படித்தானா, வீட்டில் ஒருவராவது ஒரு லேபல் எழுதி ஒட்டக் கூடாதா என்று திட்டினார். அதையும் ஒரு சொல் விடாமல் தமிழாக்கினேன். பிரசங்கம் கேட்பதுபோலச் சின்னம்மா தலையாட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில்தான் சொன்னார்: "சிலுவை போட்டதை மற்றதோடை சேர்க்கிறேல்லை. இஞ்சை வந்த புதிசிலை ஒரு அக்கா சொல்லித் தந்தவ. அதுக்குத்தான் போட்டு வைச்சனான்."

இரண்டு மாதம் கழித்து வாய்மொழிப் பரீட்சையில் பேராசிரியர் அமிலமும் வெளிற்றும் திரவமும் சேரும் அந்த இரசாயனத் தாக்கத்தையே கேட்டார். சமன்பாட்டைப் பலகையில் எழுதினேன். முப்பதுக்கு முப்பது. இந்த நாட்டில் தருகிற புள்ளியை மாணவன் வேண்டாமென்று மறுக்கலாம். நான் மறுக்கவில்லை. கையெழுத்து வைத்தேன்.

இப்போது மூன்றாம் ஆண்டு, உயிர் இரசாயனவியல். நுரையீரலின் ஈரத்தில் குளோரின் என்ன செய்யும் என்று படிப்படியாக எழுதத் தெரியும். சின்னம்மா கால்சாப் பக்கம் ஒரு வீட்டில் உடுப்பு அயன் பண்ணுகிறார். பின்னேரம் நான்கு மாடிக்கும் நான்கு தரம் நின்று ஏறிவருவார். ஒவ்வொரு தரம் நிற்பதும் புத்தகத்தின் முன்னால் இருக்கிற எனக்குக் கேட்கும்.

போன கிழமை, அவர் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை என்னைக் காப்பாத்தத்தானே பொய் சொல்லச் சொன்னனீங்கள்?"

"உன்னையோ?" வெட்டுவதை நிறுத்தவில்லை. "லேபல் இருந்தது எண்டால், ஏன் வாசிக்கேல்லை எண்டு டொக்டர் கேட்பான். அதுக்கு மறுமொழி நீயல்லோ சொல்லியிருக்கோணும், உன்ரை வாயாலை. எனக்கு வெக்கமாயிருந்தது."

"அப்ப ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

மூச்சு எடுத்துக்கொண்டார். "நீ அவ்வளவு வடிவா எழுதியிருந்தாய்."

இன்று லேபலை முழுதாக உரித்தெடுத்தேன். அசிற்றோன் தேய்த்த இடத்தில் பிளாஸ்ரிக் வெளிறி, சிலுவை அப்படியே தெரிகிறது. வைத்தியருக்கு நாங்கள் சொன்னது பொய்தான். லேபல் முதலிலிருந்தே இருந்தது. அதை வாசிக்கத் தெரியாமல் போனது எனக்கு.