‘சேர்ந்தது’ என்ற பாழாய்ப்போன சொல்

அந்தச் சொல்லைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் தரவுப் பிரிவில் இருக்கிறேன். எந்த ஷூவின் தோல் எந்த டேனரியில் பதனிட்டது, அதில் என்ன ரசாயனம் பட்டது என்று வெளிநாட்டு வியாபாரிகள் கேட்கிறார்கள். அதையெல்லாம் கம்ப்யூட்டருக்கும் பொருள் விளங்கும்படி சின்னச் சின்ன வாக்கியங்களாகக் கோத்து வைப்பதுதான் என் வேலை.

அந்த வாக்கியங்களிலிருந்து பதில் எடுக்க இரண்டு வழிகள் உண்டு. வேண்டும்போது வினவல் எழுதிக் கேட்கலாம். இல்லையென்றால் விதிகளைக் கொடுத்துவிட்டால், இருப்பதை வைத்துப் புதுச் செய்திகளை அதுவே ஊகித்துச் சேர்த்துக்கொள்ளும். எங்கள் மேலாளருக்கு விதிதான் வேண்டும்.

“தினம் தினம் கேட்டுக்கினே இருப்பியாம்மா? ரூல் போட்டுட்டா தானா வந்துடும்.”

“சார், கேட்டா வர்ற பதில் தப்பா இருந்தா தூக்கிப் போட்டுடலாம். ரூல் போட்டா அந்தத் தப்பு டேட்டாவுலயே ஒக்காந்துக்கும். யாரோ சொன்ன மாதிரியே இருக்கும்.”

“பேஜார் பண்ணாத” என்றார். தலையில் அடித்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். விதிகளை வெளி ஆள் வைத்து எழுதி வாங்கினார்கள்.

அதில் ஒரு விதி: ஒரு லாட், அதாவது ஒரு தொகுதித் தோல், இன்னொரு லாட்டைச் சேர்ந்தது என்றால், அந்த லாட்டின் குறை இதற்கும் உண்டு. நியாயம்தானே? ஆனால் எங்கள் கிடங்கில் ‘சேர்ந்தது’ என்றால் சேர்ந்து வந்தது. ஒரே லாரியில் இரண்டு டேனரித் தோல் ஏறி வந்தால் அப்படித்தான் பதிவு செய்வார்கள். ‘அதைச் சேர்ந்தது’, ‘அதோடு சேர்ந்தது’ என்ற வித்தியாசத்துக்கு எங்கள் பதிவுப் படிவத்தின் கட்டத்தில் இடமே இல்லை.

பேரணாம்பட்டுப் பக்கம் சின்ன டேனரி வைத்திருந்த பாய் ஒருவரின் தோல், வேறொரு டேனரித் தோலோடு லாரியில் வந்தது. அந்த வேறு தோல் ரசாயனச் சோதனையில் தேறவில்லை. விதி ஓடியது. பாயின் தோலிலும் விஷம் என்று பதிவாகி, அப்படியே வியாபாரிக்கும் போய்விட்டது. பாயின் தோலை இனி வாங்கக் கூடாது என்று அவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவருக்கு இருந்ததே அந்த ஒரு ஆர்டர்தான்.

பாய் நேரில் வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“இன்னாமா இது? என் தோல்ல விஷம்னு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல பாய். லாரில சேர்ந்து வந்ததை வெச்சு கம்ப்யூட்டரே முடிவு பண்ணிக்கிச்சு.”

“தப்புன்னு தெரியுதில்ல? எடுத்துடு.”

“இங்க எடுத்துட்டேன் பாய். அங்க போனதை எடுக்க முடியல.”

அந்த வியாபாரிக்கு எத்தனையோ முறை எழுதிப் பார்த்துவிட்டேன். நீங்கள் அனுப்பிய தரவுதானே சொல்கிறது என்று ஒரே பதில். அடப்பாவிகளா, தரவு எங்கே சொன்னது? அதன் வாயில் நாங்கள் திணித்தோம். டேனரியை மூடிவிட்டதாகவும், வேலை செய்தவர்களை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டதாகவும் பாய் சொன்னார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

“ஒருத்தன் சொல்லியிருந்தா அவன் வூட்டு வாசல்ல போய் நிப்பேன். சண்டையாவது போடுவேன். இப்ப நான் யார் வூட்டுக்குமா போறது?”

அந்தத் தரவைக் கோத்தவள் நான்தானே; வேலூர் பாகாயத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வழி சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.