வேலை என்று எழுதிக் கொடுங்கள்

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயரே அக்காதான். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட பெரியவர் ஒருவரை ஏழு வருடமாகப் பார்த்துக்கொள்கிறாள். தூக்கி உட்காரவைப்பது, துடைப்பது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, சாப்பாட்டை மசித்து ஊட்டுவது எல்லாம் அவள் கைதான். மாதம் பிறந்தால் சம்பளமும் வாங்குகிறாள். ஆனால் அதை வேலை என்று அந்த வீட்டில் யாரும் மறந்தும் சொன்னதில்லை. "அக்கா துணைக்கு இருக்காங்க" என்பார்கள். துணைக்கு இருப்பவள் ஆறு மணிக்கு எப்படிக் கிளம்புவாள்? எட்டாகும், சில நாள் ஒன்பதும் ஆகும்.

தம்பி வீட்டுக் கூடத்தில்தான் அவளுக்குப் படுக்கை. தம்பி மனைவி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, இந்த வாரத்துக்குள் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நல்லவேளை, இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியறை இருந்தது. அறைக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார்: வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதம்.

பெரியவரின் மருமகள் உருகி உருகி எழுதிக் கொடுத்தாள். அறைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"'இவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்.' சரிம்மா, அப்ப அங்கேயே இருந்துக்கலாமே? நாளைக்குக் காலைல இன்னொருத்தர் அறை பாக்க வர்றாரு. சொல்லிட்டேன்."

அக்கா பெரியவர் வீட்டுக்குத் திரும்பி வந்த வேகத்தில் ஒரு செருப்பு படியிலேயே கிடந்தது. பெரியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். பிறகு கடிதத்தை மருமகள் முன்னால் வைத்தாள்.

"இங்க வேலை பாக்கறேன்னு எழுதுங்கம்மா."

"என்னக்கா இப்படிப் பேசறீங்க? உங்கள அப்படி எழுத எனக்குக் கை வருமா?"

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது. அதுதான் தொல்லை.

"உங்க பாசத்த விரிச்சு நான் படுக்க முடியாதும்மா. காலைல எட்டுலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் வேலை பாக்கறாங்கன்னு எழுதுங்க."

மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள். ஆறு என்ற இடத்தில் மட்டும் பேனா சற்று நின்றது.

அறை கிடைத்துவிட்டது. மறுநாள் மாலை பெரியவருக்கு உடம்பு துடைத்து, சட்டை மாற்றி, மணி பார்த்தாள் அக்கா. ஆறு. பையை எடுத்தாள்.

"இப்பவேவாக்கா? ராத்திரி இவருக்கு யாரு ஊட்டுவா?"

"நீங்கதாம்மா. நல்லா மசிச்சு ஊட்டுங்க. நீங்கதானே குடும்பத்துல ஒருத்தர்."

சொல்லிவிட்டாளே தவிர, தெருமுனை போவதற்குள் மூன்று முறை திரும்பிப் பார்த்தாள்.